ஆரத்தித் தட்டும் அணையாடைப் புண்ணும்

பிள்ளை பெற்ற பெண் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, அவளையும் குழந்தையையும் வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றுவது நம் வழக்கம். தட்டில் நீர் ஊற்றி மஞ்சள் தூளைக் கரைப்பார்கள். பிறகு துளி சுண்ணாம்பைச் சேர்ப்பார்கள். அந்தக் கணமே மஞ்சள் நீர் குங்குமச் சிவப்பாகிவிடும். கண்ணேறு கழிகிறதோ இல்லையோ, அந்தத் தட்டில் ஓர் அருமையான வேதியியல் சோதனை நடந்து முடிந்துவிடுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் அமிலத்திலும் நடுநிலை நீரிலும் மஞ்சளாகவே இருக்கும். காரம் பட்டால் சிவந்துவிடும்.

வாசலில் ஆரத்தி எடுத்து வரவேற்ற அதே குழந்தைக்குச் சில மாதங்களில் பிட்டமும் தொடையும் சிவந்து போகின்றன. துணியை அவிழ்த்தாலே வீறிட்டு அழுகிறது. "பிள்ளைக்கு வெந்து போச்சு" என்கிறார் பாட்டி. அணையாடையால் வருகின்ற இந்தப் புண்ணுக்கும் ஆரத்தித் தட்டின் சிவப்புக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டிலும் காரத்திற்குப் பங்கு இருக்கிறது. அந்த உறவைப் புரிந்துகொண்டால், இப்புண்ணுக்குச் சொல்லப்படும் எண்ணற்ற கைவைத்தியங்களில் எது உதவும், எது வீண், எது ஆபத்து என்பதை நாமே பெருமளவு தரம் பிரித்துவிடலாம்.

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயில் பாதையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது பொம்மிடி. மஞ்சளும் மரவள்ளியும் விளையும் பகுதி. அங்கே எங்கள் வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு ஏழாம் மாதத்தில் இந்தப் புண் வந்தது. பாட்டி தேங்காயெண்ணெய் தடவினார். அண்டை வீட்டு அம்மாள் வசம்பைச் சுட்டுச் சாம்பலைக் குழைத்துப் போடச் சொன்னார். வேறொருவர் மஞ்சள் என்றார். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி வந்தவன் நான். இரண்டு வாரமாகியும் புண் ஆறவில்லை. அது ஏன் ஆறவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் தோலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

தோல் என்னும் செங்கற்சுவர்

நம் தோலின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காய்ந்த படலம் இருக்கிறது. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்கிடையே கொழுப்புப் பொருள்கள் சாந்து போல் நிரம்பியிருக்கின்றன. உடலின் நீர் வெளியே ஓடிவிடாமலும், வெளியிலுள்ள நச்சும் நுண்ணுயிரும் உள்ளே புகாமலும் காப்பது இந்தச் சுவரே. கைக்குழந்தைகளுக்கு இச்சுவர் பெரியவர்களுக்கு இருப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் மெல்லியது என்று அளந்திருக்கிறார்கள்.

இந்தச் சுவருக்கு மற்றொரு சிறப்பு உண்டு. அது சற்றே அமிலத் தன்மை உடையது. அமில, காரத் தன்மையை அளக்க டென்மார்க் நாட்டு வேதியியலார் சோரன்சன் 1909இல் பி.எச். என்னும் அளவுகோலை வகுத்தார். அதில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி ஏறினால் பத்து மடங்கு மாற்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நலமுள்ள தோலின் பி.எச். 5 முதல் 5.5 வரை இருக்கும். பிறந்த குழந்தையின் தோல் ஏறக்குறைய நடுநிலையில் இருந்து, வாரங்கள் செல்லச் செல்ல இந்த அமிலப் பாதுகாப்பைப் பெறுகிறது. நாம் குளிக்கப் பயன்படுத்தும் சாதாரண சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பைத் தேய்த்தால் கறை சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஆரத்தித் தட்டின் சோதனையே.

கண்டக்டரின் விரல்

இச்சுவருக்கு முதல் எதிரி ஈரம். பேருந்துக் கண்டக்டர் சீட்டைக் கிழிக்கும் முன் விரலை நாவில் தொட்டுக்கொள்வதையும், வங்கியில் பணம் எண்ணுபவர் நனைந்த பஞ்சைத் தொட்டுக்கொள்வதையும் நினைத்துப் பாருங்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள்? உலர்ந்த விரல் தாளின்மேல் வழுக்குகிறது. சற்று ஈரமான விரல் பற்றிக்கொள்கிறது. அதாவது, ஈரத்தால் தோலின் உராய்வு கூடுகிறது. கண்டக்டருக்கு உதவும் இதே இயற்பியல் குழந்தைக்குத் தீங்காகிறது. நனைந்த துணிக்குள் குழந்தை கால்களை உதைக்கும் ஒவ்வொரு முறையும், துணி தோலைப் பற்றி இழுக்கிறது.

அத்துடன் நீரில் ஊறிய செங்கல் உப்பி வலுவிழப்பது போல, ஊறிய தோலும் வலுவிழக்கிறது. நனைந்த காகிதத்தையும் உலர்ந்த காகிதத்தையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். எது முதலில் பிய்கிறது? எனவே ஈரம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: தோலைத் தேய்க்கும் விசையைக் கூட்டுகிறது, அதைத் தாங்கும் வலுவைக் குறைக்கிறது.

"வெந்து போச்சு" என்ற சொல்லைக் கேட்டு, இது உடற்சூட்டினால் வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். தாய் சாப்பிட்ட உணவின் சூடு என்று அவள்மேல் பழி போடுவதும் உண்டு. பாவம், அவள் சாப்பாட்டைக் குறைப்பதால் இப்புண் ஆறாது. காரணம் துணிக்கும் தோலுக்கும் இடையிலேயே இருக்கிறது.

அம்மோனியா மட்டுமா குற்றவாளி?

இரவு நனைந்த துணிகளை மூடிய வாளியில் போட்டுவைத்துக் காலையில் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அது அம்மோனியா. சிறுநீரில் உள்ள யூரியாவைச் சில பாக்டீரியாக்கள் உடைப்பதால் அது உண்டாகிறது. மஞ்சள் நீரில் தோய்த்த ஈரக் காகிதத்தை அந்த நெடியில் பிடித்துப் பாருங்கள், சிவக்கத் தொடங்கும். அம்மோனியா ஒரு காரம்.

1921இல் அமெரிக்க மருத்துவர் குக், இத்தகைய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அணையாடைப் புண்ணுக்கு அம்மோனியாவே காரணம் என்றார். அரை நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் அதையே நம்பினார்கள். 1977இல் லைடன் என்ற தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் புண் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். அம்மோனியா அளவிலோ, அதை உண்டாக்கும் பாக்டீரியாவிலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! அப்படியானால் குற்றவாளி யார்?

1986இல் பெர்க், பக்கிங்காம் ஆகியோரின் ஆய்வுகள் விடை தந்தன. மலத்தில் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் எஞ்சியிருக்கின்றன. குடலில் உணவைக் கரைக்கும் அதே நொதிகள் தோலின்மேல் கிடந்தால், செங்கல்லான புரதத்தையும் சாந்தான கொழுப்பையும் கரைக்கத் தொடங்குகின்றன. இந்நொதிகள் காரச் சூழலில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். சிறுநீரும் மலமும் கலக்கும்போது அம்மோனியா உண்டாகி, பி.எச். உயர்கிறது, நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அம்மோனியா நேரடியாகச் சுடுவதைவிட, நொதிகளுக்குக் கதவைத் திறந்துவிடுவதே அதன் பெருங்குற்றம் எனலாம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. முதலாவது, வயிற்றுப்போக்கின்போது புண் விரைவில் வருவது ஏன் என்பது. உணவு குடலில் வேகமாக ஓடிவிடுவதால் நொதிகள் சிதையாமல் வெளிவருகின்றன. இரண்டாவது, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இப்புண் குறைவாக வருவது ஏன் என்பது. அக்குழந்தையின் மலம் அமிலத் தன்மை உடையது.

ஆக, நமக்கு ஒரு உரைகல் கிடைத்துவிட்டது. ஈரத்தைக் குறைக்கிறதா? உராய்வைக் குறைக்கிறதா? காரத்தை விலக்குகிறதா? மலம் தோலைத் தொடும் நேரத்தைக் குறைக்கிறதா? எந்தக் கைவைத்தியத்தையும் இந்த நான்கு கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம்.

உரைகல்லில் தேறியவை

முதல் இடம் செலவே இல்லாத வைத்தியத்திற்கு: துணியின்றிக் காற்றாட விடுவது. பழைய பருத்திச் சேலையை விரித்து, குழந்தையைச் சற்று நேரம் குப்புறப் படுக்கவைத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். ஈரம் ஆவியாகிறது, உராய்வு இல்லை, மலம் வந்தால் உடனே தெரிகிறது. நான்கு கேள்விகளுக்கும் இது விடை சொல்கிறது. நாளைக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரமாவது இப்படி விட்டால் நல்லது. கடும் வெயிலில் கிடத்த வேண்டியதில்லை. நிழலும் காற்றும் போதும்.

இரண்டாவது, கழுவும் முறை. வெதுவெதுப்பான வெறும் நீரும் மென்மையான துணியும் போதும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட வேண்டியதில்லை. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய். சேப்பங்கிழங்கு இலைமேல் நீர்த்துளி ஒட்டாமல் உருள்வதைப் பார்த்திருக்கிறோம். மெல்லிய எண்ணெய்ப் படலமும் நீரை அவ்வாறே விலக்குகிறது; உராய்வையும் குறைக்கிறது. பாட்டியின் தேங்காயெண்ணெய் இந்த வகையில் தேறிவிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: தோல் நன்கு உலர்ந்த பின்பே தடவ வேண்டும். ஈரத் தோலின்மேல் தடவினால், வெளியேற வேண்டிய ஈரத்தை எண்ணெய் உள்ளேயே பூட்டிவிடும்.

விளக்கெண்ணெய் இன்னும் பிசுபிசுப்பானது. எளிதில் வழிந்து போகாது. பிரிட்டனின் அதிகாரபூர்வ மருந்துத் தொகுப்பில் அணையாடைப் புண்ணுக்கான களிம்பு ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. துத்தநாக ஆக்சைடும் விளக்கெண்ணெயும் அதன் முக்கியப் பொருள்கள். நம் பாட்டிமார் கைக்கொண்ட எண்ணெய் அங்கே பாதிப் பங்கு வகிக்கிறது.

துத்தநாக ஆக்சைடுக் களிம்பு மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கும். அந்த வெண்ணிறப் பொடி நீரில் கரையாது. தோலின்மேல் சுவர் பூசியது போல் நின்று, மலமும் சிறுநீரும் தொடாமல் தடுக்கிறது. இதைச் சற்றுத் தடிமனாகவே பூச வேண்டும். ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் அந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுவது பலர் செய்யும் தவறு. அழுக்கான மேற்பகுதியை மட்டும் துடைத்துவிட்டு, அதன்மேலேயே மீண்டும் பூசலாம்.

தாய்ப்பாலைத் தடவுவதும் பல நாடுகளில் உள்ள வழக்கம். ஈரானில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், லேசான அணையாடைப் புண்ணுக்குத் தாய்ப்பால், ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்புக்கு ஈடாகப் பயன் தந்தது. தடவியபின் உலரவிட வேண்டும். லேசான புண்ணுக்கே இது பொருந்தும்.

தேறாதவை

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் எங்கள் பகுதியில் கோபம் வரலாம்! மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பது ஆய்வுக்கூடங்களில் தெரிந்ததே. ஆயினும் தோல் உரிந்த இடத்தில் தூளைப் போட்டால் அது உறுத்தும். மேலும் சிவப்பு குறைகிறதா, கூடுகிறதா என்பதை அதன் நிறம் மறைத்துவிடும். கடைத் தூளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் கலக்கும் கொடுமையும் சில இடங்களில் உண்டு. வங்கதேசத்தில் இது நடந்ததை 2019இல் வெளியான ஆய்வு வெளிப்படுத்தியது. மஞ்சளை நம் சோதனைக் காகிதமாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

முகப்பவுடர் ஈரத்தை உறிஞ்சும் என்று தூவுகிறோம். மடிப்புகளில் அது ஈரத்துடன் சேர்ந்து கட்டியாகி, மணற்காகிதம் போல் உரசும். தூவும்போது கிளம்பும் நுண்தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் செல்கிறது. பவுடர் வேண்டவே வேண்டாம்.

சாம்பல் உலர்ந்தது, ஆகவே நல்லது என்று தோன்றும். சிறிது விறகுச் சாம்பலை நீரில் கரைத்து மஞ்சள் காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். சிவந்துவிடும்! நாம் விலக்க நினைக்கும் காரத்தை நாமே கொண்டுபோய்ப் பூசுகிறோம். வசம்புச் சாம்பலுக்கும் இதே கதிதான்.

தொடவே கூடாதவை

ஒரு பெரிய டம்ளரிலும் சிறிய டம்ளரிலும் சம சூடான காப்பியை ஊற்றினால் சிறியதே முதலில் ஆறுகிறது. உருவம் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது பரப்பு கூடுகிறது. இது இயற்பியலின் பழைய பாடம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் தோல் பரப்பு ஏறக்குறைய 1.6 சதுர மீட்டர். அதாவது, ஒரு கிலோகிராமுக்கு 0.027 சதுர மீட்டர். 3 கிலோகிராம் குழந்தைக்குப் பரப்பு ஏறக்குறைய 0.2 சதுர மீட்டர், கிலோகிராமுக்கு 0.067. இரண்டரை மடங்கு! ஆகவே தோலில் பூசும் எதுவும், எடைக்கு எடை, குழந்தையின் உடலில் மிகுதியாகச் சேரக்கூடும். தோல் மெல்லியது, புண்ணால் திறந்திருக்கிறது, மேலே அணையாடை மூடியிருக்கிறது என்பவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். தோலில் பூசுவது மேலோடு நின்றுவிடும் என்ற எண்ணம் குழந்தைகள் விஷயத்தில் மிகத் தவறானது.

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் ஒரு காலத்தில் குழந்தைகளின் புண்ணுக்கும் தூவப்பட்டது. 1953இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பு, உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட போரிக் அமில நச்சு நிகழ்வுகளைத் திரட்டிக் காட்டியது. மாண்டவர்களில் கைக்குழந்தைகள் பலர். 1972இல் பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்னும் கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீதத்திற்கு மேல் கலந்துவிட்டது. 204 குழந்தைகள் நோயுற்றார்கள். 36 குழந்தைகள் இறந்தார்கள். 1981இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு, அணையாடைப் புண்ணுக்குச் சமையல் சோடாவைப் பயன்படுத்தியதால் ஒரு குழந்தையின் இரத்தத்தில் காரத்தன்மை ஏறிப்போனதை விவரிக்கிறது. அடுக்களையில் இருப்பதெல்லாம் தீங்கற்றது என்று சொல்ல முடியாது.

இன்று நம் நாட்டில் பெரிய அபாயம் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். சொறி, சிரங்கு, படை எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு என்று விற்கப்படுகின்றன. கடுமையான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து என மூன்றும் அதில் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சிவப்பை விரைவாக அடக்குவதால், புண் ஆறிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் உடலின் எதிர்ப்பே அடங்கிப்போக, பூஞ்சை உள்ளே செழிக்கும். அணையாடைக்குள் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். மருந்து உடலில் சேர்ந்து முகம் உப்பி, வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியிருக்கின்றன. 2018இல் இந்திய அரசு, தோலில் பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பதினான்கை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. குழாயின்மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற பெயர்கள் இருந்தால், மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குப் பூசாதீர்கள்.

துணியா, டயப்பரா?

டயப்பருக்குள் சர்க்கரை போன்ற வெண்ணிறத் துகள்கள் இருக்கின்றன. சோடியம் பாலிஅக்ரிலேட் என்பது அதன் பெயர். 1960களிலும் 1970களிலும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தார், மாவுச்சத்துடன் வேறொரு வேதிப்பொருளை ஒட்டவைத்து, நீரைப் பெருமளவு உறிஞ்சும் பொருளை உருவாக்கினார்கள். நம் பகுதி மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் மாவுச்சத்துதான். அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சியே 1980களில் டயப்பருக்குள் வந்து சேர்ந்தது.

மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். புதிய டயப்பர் ஒன்றைப் பிரித்துத் துகளை ஒரு டம்ளரில் போட்டு நீர் ஊற்றுங்கள். நீர் கூழாகிவிடும், டம்ளரைக் கவிழ்த்தாலும் கொட்டாது. இப்போது அதில் சமையல் உப்பைத் தூவிக் கலக்குங்கள். கூழ் இளகி நீர் வெளிவரும். ஏனெனில் துகளுக்குள் நீரை இழுப்பது சவ்வூடு அழுத்தம். வெளியே உப்பு கூடினால் அந்த இழுப்பு குறைகிறது. சிறுநீரிலும் உப்பு உண்டு. எனவே வெறும் நீரைத் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு உறிஞ்சும் துகள், உப்பு நீரைச் சில பத்து மடங்கே உறிஞ்சும்.

சிறுநீரைப் பிடித்துவைப்பதில் டயப்பர் துணியைவிடச் சிறந்தது. தோல் அதிகம் உலர்ந்திருக்கும். ஆனால் அது மலத்தை உறிஞ்சாது. "இன்னும் நிறையவில்லையே, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே" என்று ஒரே டயப்பரை நெடுநேரம் விட்டுவைப்பதில்தான் கேடு இருக்கிறது. மலம் போன உடனே மாற்றினால் டயப்பரும் நல்லதே. நனைந்த உடனே மாற்றினால் துணியும் நல்லதே. புண் இருக்கும் நாள்களில் இரவிலும் ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும்.

துணி கட்டுபவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று தண்ணீர். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதை நாடறியும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் துணி துவைக்க இன்றும் பலருக்கு ஆழ்துளைக் கிணற்று நீரே. அது கடின நீராக இருந்தால் சோப்பு நுரைக்காமல், சுண்ணச் சோப்பாகத் திரிந்து இழைகளில் படிந்துவிடும். துணி காய்ந்தபின் மொறமொறப்பாக நிற்பது அதனால்தான். அந்த மொறமொறப்பு குழந்தைக்கு உராய்வு. எஞ்சிய சோப்பு குழந்தைக்குக் காரம்.

இதையும் ஆரத்திச் சோதனையால் அறியலாம். வெள்ளைத் தாளில் மஞ்சள் நீரைத் தடவி உலர்த்தித் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். அலசிய துணியைப் பிழிந்து, கடைசிச் சொட்டைத் தாளில் விடுங்கள். சிவந்தால் சோப்பு மிச்சமிருக்கிறது, மீண்டும் அலசுங்கள். சிவக்காத வரை அலசிய துணியை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கையால் கசக்கி மென்மையாக்கிக் கட்டலாம்.

மூன்று நாளில் ஆறாவிட்டால்?

ஈரமும் உராய்வும் காரமும் மட்டுமே காரணம் என்றால், அவற்றை நீக்கிய இரண்டு மூன்று நாள்களில் புண் ஆறத் தொடங்க வேண்டும். ஆறவில்லை என்றால் வேறொரு காரணம் புகுந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது கேண்டிடா என்னும் பூஞ்சை.

இரண்டையும் பிரித்தறிய வடிவியல் உதவும். உராய்வால் வரும் புண், துணி தொடும் மேடான பகுதிகளில் இருக்கும். துணி தொடாத மடிப்புகளின் அடி பெரும்பாலும் தப்பிவிடும். பூஞ்சைக்கு ஈரமும் இருட்டும் பிடிக்கும். அது தொடையிடுக்கு மடிப்புகளுக்குள்ளேயே குடியேறி, அடர்ந்த சிவப்பாகப் பரவும். ஓரத்தில், பெரிய ஊரைச் சுற்றிய குக்கிராமங்கள் போல, சிறுசிறு சிவப்புப் புள்ளிகள் தோன்றும். குழந்தைக்கு ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தபின் இது வருவதுண்டு. வாய்க்குள் வெண்படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்குப் பூஞ்சையைக் கொல்லும் மருந்து வேண்டும். எந்த எண்ணெயும் போதாது.

அரிதாக வேறொன்றும் உண்டு. ஆசனவாயைச் சுற்றி மட்டுமின்றி, வாயைச் சுற்றியும் கை, கால்களிலும் புண் வந்து, வயிற்றுப்போக்கும் முடி உதிர்தலும் சேர்ந்தால், உடலில் துத்தநாகம் குறைந்திருக்கலாம். துத்தநாகத்தைக் குடல் உறிஞ்சாத பரம்பரைக் குறை ஒன்று 1942இல் நார்வே மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. 1973இல் லண்டன் மருத்துவர் மொய்னகன், துத்தநாகம் கொடுத்தால் இந்நோய் குணமாகும் என்று கண்டறியும் வரை குழந்தைகள் இதனால் இறந்துகொண்டிருந்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள ஜீன் வந்தால்தான் இந்நோய் வரும். எனவே நெருங்கிய உறவில் மணம் செய்யும் நம் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

காய்ச்சல், சீழ், கொப்புளம், இரத்தக் கசிவு, பால் குடிக்காமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையானாலும் மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ குழந்தை மருத்துவரிடமோ செல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக் குழந்தைக்கு வருகிறேன். மருத்துவர் முதலில் மடிப்பை விரித்துப் பார்த்தார். சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். பிறகு நாங்கள் பூசிய களிம்பின் குழாயை வாங்கி, சிறிய எழுத்தில் இருந்த பெயரை என்னையே படிக்கச் சொன்னார். அது கடுமையான ஸ்டீராய்டு. இரண்டு நாள் சிவப்பு தணிந்ததைக் கண்டு, களிம்பு வேலை செய்கிறது என்று மகிழ்ந்திருந்தேன். பூஞ்சைக்கு விருந்து வைத்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. வகுப்பில் அளவீட்டுப் பிழைகளைப் பற்றி மணிக்கணக்கில் பாடம் நடத்துபவன், குழாயில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, பூஞ்சைக்கு மட்டும் ஒரு மருந்து கொடுத்தார். காற்றாட விடச் சொன்னார். சில நாள்களில் தோல் தெளிந்தது.

பாட்டி இப்போதும் தேங்காயெண்ணெய்தான் தடவுகிறார். தோல் உலர்ந்த பின்பு தடவுகிறார், அவ்வளவே மாற்றம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போவது வைத்தியம் ஆகாது. ஈரத்தையும் உராய்வையும் காரத்தையும் விலக்குங்கள். மூன்று நாள் பாருங்கள். ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை ஆரத்தித் தட்டில் மஞ்சள் சிவப்பதைப் பார்க்கும்போது, அந்தக் குழந்தையின் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.